தேர்வீதி ரோட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை: கணக்கும், அந்த ஆந்திரா கம்பெனி விவகாரமும்

கமிட்டி உறுப்பினர்கள், தலைக்கட்டு வரி குடுத்த அத்தனை குடும்பம், பெங்களூர் ஓசூர் திருப்பூர்ல இருந்து ஜிபேல பணம் போட்டுவிட்ட தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க.

போன பங்குனியில தேரு புது ரோட்டுல ஓடினத எல்லாரும் பாத்தீங்க. வடக்கு மூலையில வருஷா வருஷம் சக்கரம் பள்ளத்துல இறங்கி, முட்டுக்கட்டை போட்டு போட்டு, ரெண்டு மணி நேரம் நின்னு, அப்புறம் ஜேசிபி வந்து தள்ளி, அதெல்லாம் இந்த வாட்டி இல்ல. நாலு வீதியும் சுத்தி நிலைக்கு வர ஒரு மணி நேரம் கூட ஆகல, வடம் பிடிக்க லேட்டா வந்தவங்க ஏமாந்துதான் போனாங்க. அப்பவே அறிக்கை குடுத்திருக்கணும். ஒரு மழைக்காலம் தாண்டட்டும், ரோடு நிக்குதான்னு பாத்துட்டு எழுதலாம்னு தலைவர் சொன்னாரு, அதனாலதான் இப்ப 2026 ஜனவரியில எழுதறோம்.

மொத்தம் 620 மீட்டர், அகலம் நாலரை மீட்டர். எஸ்டிமேட் 38 லட்சத்து 40 ஆயிரம். நமக்கு நாமே திட்டத்துலதான் பண்ணினோம். 97-98ல ஆரம்பிச்ச திட்டம், நடுவுல தன்னிறைவுத் திட்டம்னு பேர் மாறி, 2021-22ல திரும்பப் பழைய பேர்லயே வந்துச்சு. மூணுல ஒரு பங்கு ஜனங்க போட்டா போதும், மீதி கவர்மெண்ட். ஆனா நாம பாதி போட்டோம். ஏன் பாதின்னு அப்ப நெறைய பேர் கேட்டீங்க, காரணம் இதுதான், பாதி போட்டா வேலைய யார்கிட்ட குடுக்கறதுன்னு நாமளே முடிவு பண்ணலாம். நல்லதுன்னு நெனச்சோம், அதுவே கமிட்டிக்குத் தலைவலியாவும் ஆயிடுச்சு.

இனி அந்த விவகாரத்துக்கு வரேன், பாதிப் பேர் இந்த அறிக்கையப் படிக்கறதே அதுக்குத்தான்னு தெரியும்.

2024 ஆகஸ்ட்ல சீல் கவர்ல கொட்டேஷன் கேட்டோம். நம்ம வேலை நேரா அரசு டெண்டர் இல்லன்னாலும் 1998 டெண்டர் வெளிப்படைச் சட்டத்துல எப்படிச் சொல்லிருக்கோ அப்படியே போயிடலாம், நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேக்கக் கூடாதுன்னு, அதுல 2 கோடிக்குள்ள வேலைக்கு இருக்கற மாதிரி 15 நாள் டைம் குடுத்து, கோயில் போர்டுல ஒட்டி, பஞ்சாயத்து ஆபீஸ்லயும் ஒட்டினோம். தார் ரோட்டுக்கு மூணு கவர் வந்துச்சு. நம்ம ஊர் காண்ட்ராக்டர் 31 லட்சத்து 90 ஆயிரம். சேலம் பக்கத்துக் கம்பெனி 30 லட்சத்து 70 ஆயிரம். எல்லைக்கு அந்தப் பக்கம், குப்பம் சைடுல இருக்கற கம்பெனி 29 லட்சத்து 15 ஆயிரம். மூணும் ஜிஎஸ்டி சேத்து.

கவர் பிரிச்ச அன்னைக்கு ராத்திரியே வாட்ஸப் க்ரூப்ல ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம ஊர் பணம் ஏன் ஆந்திராவுக்குப் போகணும், நம்மாளு தேருக்கு வடம் வாங்கிக் குடுத்தவரு, நம்ம ஊர்ப் பசங்க 40 பேருக்கு வேலை குடுக்கறேன்னு சொல்றாரு, ரெண்டே முக்கால் லட்சம் அதிகமானா என்ன உள்ளூர்லதான சுத்தப் போகுது. நியாயமாத்தான் பட்டுச்சு. கமிட்டியில 11 பேர்ல 6 பேர் மொதல்ல அவருக்குத்தான் ஓட்டு. நானும் அந்த 6 பேர்ல ஒருத்தன், மறைக்க ஒண்ணுமில்ல.

அப்புறம் நம்ம டிப்ளமோ சிவில் படிச்ச தம்பி ஒரு கேள்வி கேட்டான். தாரு எங்கிருந்து வருது? யாருகிட்டயும் பதில் இல்ல. அவன் விளக்கினதச் சொல்றேன். தார்க் கலவைய பிளான்ட்ல 150, 160 டிகிரியில கலக்கறாங்க. லாரியில ஏத்தி, தார்ப்பாய் போட்டு மூடி, நம்ம இடத்துக்கு வந்து பேவர்ல (கலவைய ரோட்டுல சமமாப் பரப்பற மெஷின்) கொட்டும்போது 140க்குக் கொறையக் கூடாது, ரோலர் ஓட்டி முடிக்கறதுக்குள்ள 90க்குக் கீழ எறங்கக் கூடாது. இது மத்திய சாலை அமைச்சகம் போட்ட ஸ்பெசிபிகேஷன் புக்லயே நாம போட்ட விஜி-30ங்கற தார் ரகத்துக்கு எழுதியிருக்கு. ஆறிப்போன கலவைய எத்தன வாட்டி ரோலர் ஓட்டினாலும் உள்ள இறுகாது, மேல பாக்க கருகருன்னு அழகா இருக்கும், மொத மழைக்கு ஜல்லி ஜல்லியா பேந்துக்கும். அதனாலதான் பெரிய ரோட்டு டெண்டர்ல பிளான்ட் இத்தன கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு கண்டிஷன் போடறாங்க. நாம அந்தக் கண்டிஷனே போடல, அது கமிட்டியோட தப்பு.

விசாரிச்சா, நம்ம ஊர்க்காரருக்குச் சொந்தமா பிளான்ட் கிடையாது. தர்மபுரி தாண்டி ஒரு பிளான்ட்ல வாங்கப் போறாரு, 70 கிலோமீட்டர். சேலத்துக் கம்பெனி அதுக்கும் மேல. ஆந்திரா கம்பெனி பிளான்ட் 24 கிலோமீட்டர், நேர் ரோடு. வெளிமாநிலம்னு நாம சொல்றவன் பக்கத்துல இருக்கான், உள்ளூர்க்காரன் சரக்கு மூணு மடங்கு தூரத்துல இருந்து வருது.

சரி நம்மாளுக்கும் ஒரு சான்ஸ் குடுப்போம்னு கூப்பிட்டு, அண்ணே 40 கிலோமீட்டருக்குள்ள பிளான்ட் காட்டுங்க, ரேட்டையும் கொஞ்சம் பாத்துக்குங்க, குடுத்துடறோம்னு சொன்னோம். நாலு நாள் கழிச்சு ஒரு லெட்டர் கொண்டாந்தாரு. பிரிச்சுப் பாத்தா அதே குப்பம் சைடு கம்பெனி லெட்டர்பேட்! அவங்ககிட்ட கலவை வாங்கி, அவங்க பேவரையே வாடகைக்கு எடுத்து, இவரு போடறதா இருக்காரு. பணம் ஆந்திராவுக்குப் போகக் கூடாதுன்னு கத்தினோமே, எப்படிப் பாத்தாலும் அங்கதான் போகப் போகுது, நடுவுல ஒரு கை மாறிட்டுப் போகும் அவ்வளவுதான். 40 பேருக்கு வேலையும் கணக்குப் போட்டுப் பாத்தோம். பேவர் வெச்சு தார் போட 14, 15 ஆள் போதும், அவங்களும் தழும்பேறின கையோட வர்ற பழக்கப்பட்ட ஆளுங்களாத்தான் இருக்கணும், நம்ம பசங்கள நிக்க வெச்சா கால் வெந்துடும்.

அண்ணன் மேல கோவம் இல்ல, அவரு தொழில் அது. ஆனா 6 வருஷத்துக்கு முன்னாடி தெக்கு வீதி சாக்கடை கட்டி ஒரே வருஷத்துல ஒடைஞ்சப்ப ஒருத்தரும் வாய் திறக்கல, மாமன் மச்சான்னு விட்டுட்டோம். வெளியூர்க்காரனா இருந்தா வீட்டு வாசல்ல போய் நின்னிருப்போம்னு பொருளாளர் சொன்னாரு, அது உண்மைதான்.

சட்டத்துலயே உள்ளூர்க்காரனுக்கு முன்னுரிமை இருக்கேன்னு மூணு பேர் லெட்டர் குடுத்திருந்தீங்க. பாத்தோம். நம்ம மாநிலத்து டெண்டர் சட்டத்துல தகுதியானவங்கள்ல யாரு ரேட்டு கொறைச்சலோ அவங்களுக்குத்தான், ரோட்டு வேலைய ஊரைப் பாத்துக் குடுன்னு கண்டிஷன் இல்ல. அருணாச்சலப் பிரதேசம் மாதிரி எடத்துல 2015ல சட்டமே போட்டு மாவட்டத்துக்காரங்களுக்குன்னு சலுகை வெச்சிருக்காங்க, அங்க நெலம வேற. போன அக்டோபர்ல கூட சத்தீஸ்கர்ல ஸ்கூல் பசங்களுக்கு விளையாட்டு சாமான் வாங்கற டெண்டர்ல, மூணு வருஷத்துல எங்க மாநில அரசுக்கே 6 கோடிக்கு சப்ளை பண்ணிருந்தாதான் வரலாம்னு கண்டிஷன் போட்டத சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, வெளி மாநிலத்துக்காரன உள்ளயே விடாம கதவ சாத்தறதுக்கு சமம்னு. நாங்க முடிவெடுத்து ஒரு வருஷம் கழிச்சு வந்த தீர்ப்பு அது, இருந்தாலும் படிச்சப்ப கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு.

அமெரிக்காவுல இருக்கற நம்ம ஊர்த் தம்பி ஒருத்தன் போன்ல ஒண்ணு சொன்னான், சிரிப்பா இருந்துச்சு. அங்க சில மாநிலத்துல சொந்த மாநிலக் கம்பெனிக்கு ரேட்டுல 5% வரைக்கும் விட்டுக் குடுப்பாங்களாம். அதுக்குப் பதிலடியா பக்கத்து மாநிலம், உன் ஊர்ல என்னாளுக்கு என்ன பண்றியோ அதே 5%ஐ உன்னாளு இங்க வர்றப்ப அவன் ரேட்டு மேல ஏத்தி வெச்சுக் கணக்குப் பாப்பேன்னு சட்டம் போட்டிருக்காம். நம்ம மொய் நோட்டு மாதிரிதான், நீ எழுதினத நான் திருப்பி எழுதறேன். ஆனா மத்திய அரசு பணம் உள்ள வர்ற ரோட்டுன்னா இந்த விளையாட்டு எதுவும் நடக்காதாம்.

இன்னொண்ணும் சொல்லணும். வெளிமாநிலம் வெளிமாநிலம்னு நாம யாரைச் சொல்றோம்? நம்ம ஊர்ல பாதி வீட்டுல தெலுங்குதான் பேசறோம். குப்பத்துல கடைத்தெருவுல நின்னா தமிழும் நெறையக் காதுல விழும். அங்க பொண்ணு குடுக்கறோம், எடுக்கறோம். சந்தைக்குப் போகும்போது தோணாத எல்லைக்கோடு கொட்டேஷன் கவர் பிரிக்கறப்ப மட்டும் எங்கிருந்து வருதுன்னு தெரியல.

கடைசியா செப்டம்பர் பொதுக்கூட்டத்துல முடிவானது, தார் வேலை 29.15 லட்சத்துக்கு ஆந்திரா கம்பெனி, சாக்கடையும் 80 மீட்டர் தடுப்புச் சுவரும் 8 லட்சத்து 10 ஆயிரத்துக்கு நம்ம ஊர் மேஸ்திரிங்க. பில்லுல வித்தியாசம் எதுவும் வரல, அவங்க ஆந்திரா நம்பர்ல ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் வர்ற வேலைக்கான ஜிஎஸ்டி) போட்டாங்க, இங்கயும் 18 அங்கயும் 18.

ஜனவரி 2025ல வேலை ஆரம்பிச்சுது. மொதல்ல பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்தோம். ஏன் நல்ல ரோட்டை ஒடைக்கறீங்கன்னு கேட்டவங்களுக்கு, மேலயே மேலயே போட்டு நம்ம கெழக்கு வீதி ரெண்டடி ஏறிடுச்சு, மழை பேஞ்சா வாசப்படிக்குள்ள தண்ணி. 2021லயே அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு சார் சுரண்டிட்டுத்தான் போடணும்னு உத்தரவு போட்டிருக்காரு. அது மட்டுமில்ல, 2022 ஏப்ரல்ல தஞ்சாவூர் களிமேட்டுல தேர் கரண்ட் கம்பியில பட்டு 11 பேர் போனாங்களே, ரோடு ஒசந்ததும் ஒரு காரணம்னு பேப்பர்ல வந்துச்சு. தேரோட்டற ஊர் இதுல அலட்சியமா இருக்க முடியாது. சுரண்டினதுக்கு அப்புறம் கம்பி உயரத்த ஈபிகாரங்கள வெச்சே அளந்துட்டோம்.

தார் போட்ட ரெண்டாவது நாள் நடந்தத எழுதியே ஆகணும். காலையில மூணு லாரி வந்துச்சு, நல்ல சூடு, 151, 148, 150. நாலாவது லாரி வழியில டயர் வெடிச்சு ஒன்றரை மணி நேரம் நின்னுட்டு வந்துச்சு. நம்ம தம்பி லாரி மேல ஏறி, தார்ப்பாயை விலக்கி, கம்பி தெர்மாமீட்டரை ஒரு சாண் உள்ள சொருகிப் பாத்தான். 118. வேற எடத்துல சொருகினான், 121. எறக்க விடமாட்டேன்னுட்டான். சூப்பர்வைசர் தெலுங்குல கத்தறாரு, ஒரு லோடு 70 ஆயிரம்ங்க, யாரு குடுப்பா, மேல சூடாத்தான இருக்குன்னு. நம்மாளுங்களுக்கு அந்த வேகத்துக்குத் தெலுங்கு வரல. திண்ணையில வெத்தலை இடிச்சுட்டு இருந்த கெழக்கு வீதிப் பாட்டி எழுந்து வந்து, அதவிட வேகமான தெலுங்குல ஒரு ரெண்டு நிமிஷம் பேசினாங்க. என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத முடியாது. லாரி திரும்பிப் போச்சு. சாயந்திரம் புது லோடு வந்துச்சு, 146.

அதே லாரி மாமன் லாரியா இருந்திருந்தா திருப்பி அனுப்பிருப்போமான்னு அன்னைக்கு ராத்திரி கமிட்டியில பேச்சு வந்துச்சு. யாரும் பதில் சொல்லல.

உள்ளூர் வேலையிலயும் குறை இருந்துச்சு, அதையும் சொல்லிடறோம். தடுப்புச் சுவர்ல 12 மீட்டருக்கு தண்ணி வெளியேற ஓட்டையே விடாம கட்டிட்டாங்க. கண்டுபிடிச்சு சொன்ன மறுநாளே டிரில் வெச்சு போட்டுக் குடுத்தாங்க, கூலி கேக்கல. பக்கத்துலயே இருக்கற ஆளுக்கு அந்த சௌகரியம் உண்டு.

ஆந்திரா கம்பெனிகிட்ட அது இல்ல. அக்டோபர் மழையில கொளத்து மேட்டுத் திருப்பத்துல ஓரம் நாலு மீட்டருக்கு உடைஞ்சுது. போன் பண்ணோம், வரேன் வரேன்னாங்க, 19 நாள் ஆச்சு. க்ரூப்ல பாத்தீங்களா பாத்தீங்களான்னு 200 மெசேஜ். ஆனா வந்தாங்க, தோண்டி வெட் மிக்ஸ் (தண்ணி சேத்துக் கலந்த ஜல்லிக் கலவை) போட்டு தார் போட்டு சரி பண்ணாங்க, ஏன்னா பில்லுல 5%, அதாவது 1,45,750 ரூபா அவங்களுது பிடிச்சு வெச்சிருக்கோம். பிப்ரவரி கடைசியில ரோட்டை நடந்து பாத்துட்டுத்தான் அது ரிலீஸ் ஆகும். அன்னைக்கு யார் வேணா கூட வரலாம்.

இப்ப கணக்கு. 312 தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு 4,000 வீதம் 12,48,000. நன்கொடை 8,15,500. மொத்தம் 20,63,500. அரசுக்குக் கட்டின நம்ம பங்கு 19,20,000. வேலை மொத்தம் 37,25,000லயே முடிஞ்சதால நம்ம பாதி 18,62,500தான், மீதி 57,500 திரும்ப வரணும், எழுதிக் குடுத்திருக்கோம். பூமி பூஜை, ரசீது புக், வேலையாளுங்க சாப்பாடு, டெஸ்ட் செலவு, தெர்மாமீட்டர் எல்லாம் சேத்து 61,200. கையிருப்பு 82,300 பேங்க்ல இருக்கு. வவுச்சர் ஃபைல் பொருளாளர் அண்ணன் வீட்டுல, எந்த ஞாயித்துக்கிழமையும் காலையில போய்ப் பாக்கலாம். நன்கொடை குடுத்தவங்க பேர் கோயில் போர்டுல இருக்கு, பேர் விட்டுப் போயிருந்தா சண்டைக்கு வராம ரசீதோட வாங்க.

மேக்கு வீதியில பைப்லைன் போட பஞ்சாயத்து ரோட்டைத் தோண்டப் போறதா பேச்சு அடிபடுது. மூடிக் குடுக்கற செலவையும் சேத்து எஸ்டிமேட் போடச் சொல்லி மனு குடுத்திருக்கோம், கையெழுத்து போடாதவங்க வந்து போட்டுட்டுப் போங்க. தெர்மாமீட்டர் கோயில் பீரோவுல ரெண்டாவது தட்டுல இருக்கு, நம்ம பக்கம் எந்த ரோடு போட்டாலும் யார் வேணா எடுத்துக்கலாம், நோட்டுல கையெழுத்து போட்டுட்டு.