அப்பா பேர் கல்லுல வராது தம்பி

பிரியமுள்ள தம்பிக்கு, அம்மா ஸ்தோத்திரத்தோட எழுதுறேன். நீ, மருமக, பாப்பா எல்லாரும் சிங்கப்பூர்ல சுகமா இருக்க தினமும் ஜெபம் பண்றேன். இதை போன்ல சொன்னா பாதியில அழுதுருவேன், அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

நீ அனுப்புன பணம் வந்துருச்சு. நம்ம சபையும் லுத்தரன் சபையும் சேந்து கட்டுற புது கோயில் வாசல்ல அப்பா பேர்ல கல்வெட்டு வைக்கணும்னு கேட்டிருந்தியே, அது வராதுப்பா. கமிட்டி வேணாம்னு சொல்லல, நான்தான் எடுக்க சொன்னேன்.

உனக்கு கோவம் வரும், தெரியும். ஆனா நீ பொறந்ததுல இருந்து தென்னிந்திய திருச்சபை, அதான் சி.எஸ்.ஐ. பிள்ளை, நான் அப்படி இல்லையே. நான் லுத்தரன் வீட்டுல பொறந்தவ, 1706ல ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்குன தரங்கம்பாடி நம்ம தாய் வீடுன்னு உங்க தாத்தா மார்தட்டி சொல்லுவாங்க. கல்யாணம் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமையே உங்கப்பா பின்னாடி ரெண்டு தெரு தள்ளி இந்த கோயிலுக்கு வந்துட்டேன், 34 வருஷம் ஆச்சு. அங்க மணி அடிக்கிறது இங்க கேக்கும். கிறிஸ்மஸ் காலையில எங்கப்பா அந்த கோயில்ல, நான் இந்த கோயில்ல, மத்தியானம் சோத்துக்குத்தான் பாத்துக்குவோம்.

தாத்தாவுக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சபைங்க எல்லாம் ஒண்ணாகணும்னு 1919ல அசரியா பேராயர் மாதிரி பெரியவங்க கூடி உக்காந்து பேசினதே தரங்கம்பாடியிலதான், அப்புறம் 28 வருஷம் இழுத்து 1947 செப்டம்பர் 27ல மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல தென்னிந்திய திருச்சபை உண்டாச்சு, ஆங்கிலிக்கன் மெதடிஸ்ட் எல்லாம் அதுல சேந்தாங்க, எங்க லுத்தரன் சபை சேரல. "பந்தி போட்டது நம்ம வீட்டுல, நாமளே உக்காரலையேம்மா"ம்பாங்க. அவங்க இருந்து இதை பாக்காம போயிட்டாங்களேன்னுதான் எனக்கு மனசு ஆறல.

இப்ப எப்படி கூடிச்சுன்னா, முந்தின வருஷ ஐப்பசி மழையில அவங்க கோயில் கூரை ஒரு பக்கமா இறங்கிருச்சு. நம்ம சபை போதகர் ஐயரும் அவங்க ஐயரும் போதகர் படிப்பை மதுரை அரசரடி செமினரியில ஒண்ணா படிச்சவங்க, அது 1969ல இருந்து ரெண்டு சபையும் சேந்து நடத்துறதுதானே, ஒரே மெஸ்ல சாப்பிட்டவங்க, நம்ம ஐயர் அன்னைக்கு ராத்திரியே குடை புடிச்சுக்கிட்டு போய் நாளையில இருந்து நம்ம கோயிலுக்கு வந்துருங்கன்னு சொல்லிட்டாரு. முதல் ஞாயிறு பாட்டுல தடுமாறிட்டோம். ட்யூன் ஒண்ணுதான், நம்ம பாமாலையில ஒரு வார்த்தை, அவங்க ஞானப்பாட்டு புஸ்தகத்துல வேற வார்த்தை, நாங்க ஒண்ணு பாட அவங்க ஒண்ணு பாட, எனக்கு மட்டும் ரெண்டும் மனப்பாடம், எதை பாடுறதுன்னு தெரியாம வாயை மூடிக்கிட்டு அழுதேன். இப்ப வாரம் மாத்தி வாரம் பாடுறோம்.

கூரையை மட்டும் மாத்த அவங்ககிட்ட காசு இல்ல, நமக்கும் ஓடு ஒழுகுது, உன் வயசு பிள்ளைங்க எல்லாம் வெளியூரு வெளிநாடுன்னு போயாச்சு. அப்பதான் சேந்தே கட்டுவோம்னு பேச்சு வந்துச்சு. நம்ம இடம் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பேர்ல இருக்கு, அவங்க இடம் அவங்க திருச்சபை பேர்ல, மதுரைக்கும் திருச்சிக்கும் நடந்து ரெண்டு பக்கமும் அனுமதி வாங்கவே ஒரு வருஷம் போச்சு. கடைசியில அவங்க இடத்துல கோயில், நம்ம இடத்துல சமுதாயக்கூடம்னு முடிவாச்சு. சாயங்காலம் ட்யூஷன், ஆஸ்பத்திரி கேம்ப், ஏழை வீட்டு கல்யாணம், எந்த சாதி எந்த மதம்னாலும் வாடகை ஒண்ணுதான். எதுத்த வளவு ஆச்சி அண்டா ரெண்டு இப்பவே குடுத்துட்டாங்க, அசனத்துக்கு, அதான் சபை விருந்துக்கு ஆகும்னு.

கல்வெட்டுலதான் எல்லாம் நின்னுருச்சு. எங்க இடம், எங்க பேர் முதல்லன்னு அவங்க, பணம் அதிகம் எங்களதுன்னு நம்மாளுங்க, ரெண்டரை மணி நேரம். கூரை இடிஞ்சப்ப இல்லாத சண்டை பேருக்கு வந்துச்சேன்னு எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. நம்ம லிஸ்ட்ல மூணாவது பேரு அப்பாவோடது. எந்திரிச்சு, எங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துருங்க, எங்கப்பா பேரும் அந்த பக்கம் இருந்தா எடுத்துருங்கன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அவங்க பக்கத்துல ஒரு டீச்சரம்மா அவங்க மாமனார் பேரை எடுக்க சொன்னாங்க. சில பேர் அடுத்த கூட்டத்துலதான் மனசு வந்து சொன்னாங்க. நம்ம சபையில ஒரு பெரியவரு இன்னும் என்கிட்ட பேசல, அது எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

உன் பணத்தை கோயில் தரைக்கு குடுத்துட்டேன். ஆத்தங்குடி கல்லுதான் போடுறாங்க. போன வாரம் நாங்க ரெண்டு சபை பொம்பளைங்களும் வேன் வச்சு போய் பாத்தோம், கண்ணாடி மேல இரும்பு சட்டத்தை வச்சு கலர் கலரா சிமெண்ட்டை ஊத்துறாங்க, மேல காஞ்ச சிமெண்ட்டை தூவி, கலவை போட்டு அமுக்கி, அப்புறம் தொட்டித் தண்ணியில ஊறப் போட்டுர்றாங்க, ஒவ்வொண்ணும் கையாலதான். தேங்காண்ணெய் போட்டு தொடைச்சு நடக்க நடக்க பளபளன்னு வரும். நம்ம பழைய கோயில்ல அப்பா சுவரோரம் மூணாவது பெஞ்சுலதான உக்காருவாங்க, புது கோயில்ல அதே கணக்குக்கு வர்ற இடத்துல இருந்து ஆல்டர் வரைக்கும் நம்ம கல்லு. பேரு இருக்காது. நான் அதுல நடந்துதான் திருவிருந்துக்கு போவேன், எங்கப்பா கோயில் இடத்துல, உங்கப்பா தரையில.

கலர் மட்டும் நீ சொல்லு தம்பி. பூ டிசைன்ல பச்சையும் மஞ்சளும் ஒண்ணு, சிவப்பும் கருப்பும் ஒண்ணு. பாப்பாகிட்டயும் கேளு. வெள்ளிக்கிழமை பட்டறையில ஆர்டர் குடுக்குறாங்க, வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள மெசேஜ் போட்டுரு.

அம்மா