பக்கத்தை விட்டு வெளியே வரச் சொல்லிக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வரலாறு என்ற பெயரில் கைப்பேசியில் வந்து குவியும் பொய்களை மாணவர்கள் இனங்காணப் பழக வேண்டும் என்று வாசகர்கள் எழுதிவருகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் வகுப்பில் அது பெரும்பாலும் ஒரு கேள்விப் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. எழுதியவர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, அடிக்குறிப்பு இருக்கிறதா, தளம் பார்க்க ஒழுங்காக இருக்கிறதா? பொய்யைப் பரப்புகிறவருக்கு இவற்றையெல்லாம் செய்துவைப்பது ஒரு வேலையே இல்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், இளங்கலை மாணவர்கள் 25 பேர் சில இணையதளங்களை மதிப்பிட்டார்கள். அறிஞர்களிலேயே பலர் சின்னத்தையும் தள முகவரியையும் நம்பி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தத் தளத்தில் அதிக நேரம் நிற்கவே இல்லை. உடனே உலாவியில் வேறு டேப்களைத் திறந்து, அதை நடத்துவது யார், அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். முதலில் பழக்க வேண்டியது இதைத்தான்.

இதற்கு, ஆங்கிலேய ஆட்சியில் கல்விக்கொள்கையை வகுத்தவர்களில் ஒருவரான மெக்காலே பெயரில் உலவும் மேற்கோள் மிகப் பொருத்தமான பாடப்பொருள். இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரரையும் திருடரையும் காணவில்லை என்று 1835 பிப்ரவரி 2 அன்று அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக எழுதிக் கைப்பேசியில் வரும் அந்தப் படம். 40 நிமிட வகுப்பில் இதை நடத்திவிடலாம். முதல் 5 நிமிடம் படத்தை மட்டும் காட்டுங்கள், உண்மையா பொய்யா என்று வாயைத் திறக்காதீர்கள். 'இது உண்மை என்றால் வேறு எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்?' என்று மாணவர்கள் எழுதட்டும். அன்று அவர் லண்டனில் இருந்திருக்க வேண்டும், அவைக் குறிப்பில் அந்தப் பேச்சு பதிவாகியிருக்க வேண்டும் என்பவை தாமாக வந்துவிடும். அடுத்த 15 நிமிடம் மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களாகத் தேடட்டும். ஒரு குழு அவர் அன்று எங்கே இருந்தார் என்று பார்க்கட்டும், இன்னொன்று அந்தத் தேதியில் அவர் எழுதிய ஆவணம் எது என்று பார்க்கட்டும். 1834-லேயே இந்தியா வந்துவிட்ட மெக்காலே அப்போது கல்கத்தாவில், தலைமை ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் இருந்தார் என்பதும், அந்தத் தேதிக்கு உரியது அவருடைய புகழ்பெற்ற கல்விக் குறிப்பு என்பதும் தெரியவரும்.

பல ஆசிரியர்கள் இங்கே பாடத்தை முடித்துவிடுகிறார்கள். மீதி 20 நிமிடத்தில்தான் உண்மையான வரலாற்றுப் பயிற்சி இருக்கிறது. அசல் குறிப்பை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டு இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்ற கருத்து அதில் இருக்கிறது. தனக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்ளும் இடமும் அதே குறிப்பில் இருக்கிறது. போலி மேற்கோள் நம்மைப் புகழ்கிறது, அசல் ஆவணம் இழிவுபடுத்துகிறது. சார்பு மிக்கது அசல்தான், ஆனாலும் சான்றாகப் பயன்படுவதும் அதுதான். எதற்குச் சான்று? இந்திய இலக்கியத்தின் தரத்துக்கு அல்ல. கல்விக்கொள்கையை வகுத்தவர்களில் ஒருவர் என்ன நினைத்தார் என்பதற்கு. 'இது எதற்கு நம்பத்தக்கது, எதற்கு அல்ல' என்று இரண்டு வாக்கியம் ஒவ்வொருவரும் எழுதினால் பாடம் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

இதைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்காவிட்டால் 'எல்லாமே சார்புதான், எதையும் நம்ப முடியாது' என்ற இடத்தில் மாணவர்கள் போய் நின்றுவிடுவார்கள். அது எதையும் நம்புவதைவிட ஆபத்தானது. காட்டும் மாதிரிகள் அனைத்தும் பொய்யாகவே இருந்தாலும் இதே விளைவுதான். மூன்று மாதிரிகளில் ஒன்றாவது முழுக்க உண்மையாக இருக்கட்டும். மாணவர்களுக்குப் பிடித்தமான, அவர்கள் தரப்பைப் புகழும் ஒன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சார்பு என்பது அடுத்தவருக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடுவார்கள்.

இன்னொரு வழக்கமான தவறு, இரண்டு தரப்பு முரண்பட்டால் உண்மை நடுவில் இருக்கும் என்று கொள்வது. கி.மு. 1274 வாக்கில், இன்றைய சிரியாவில் இருந்த காதேஷ் நகரத்துக்காக எகிப்தியர்களும் ஹிட்டைட்டுகளும் போரிட்டார்கள். ஹிட்டைட்டுகள் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்டவர்கள். அந்தப் போரைத் தன் பெருவெற்றியாக எகிப்திய மன்னர் இரண்டாம் ராமசேஸ் கோயில் சுவர்களில் பொறித்தார். ஹிட்டைட் ஆவணங்கள் வேறு மாதிரி சொல்கின்றன. இரண்டையும் கூட்டி வகுத்துப் பயனில்லை. போருக்குப் பிறகு அந்த நகரம் யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். ஹிட்டைட்டுகள் கையில்தான்.

படங்களில் பொய், மெய் என்ற இரண்டு பெட்டிகள் போதாது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைஷ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி பறப்பதைக் காட்டும், சோவியத் புகைப்படக்காரர் யெவ்கேனி கால்தேயின் படம் 1945 மே 2 அன்று ஏற்பாடு செய்து எடுக்கப்பட்டது. பின்னர் புகை கூட்டப்பட்டது, ஒரு வீரரின் கையில் இருந்த கடிகாரம் அழிக்கப்பட்டது. ஆனால் பெர்லின் வீழ்ந்தது உண்மை. எடுத்தவர் யார், எப்போது, பிறகு என்ன மாற்றப்பட்டது என்று தனித்தனியாகக் கேட்கப் பழக்க வேண்டும். ஆவணப்படம் என்றால் இரண்டு நிமிடத் துண்டை முதலில் ஒலி இல்லாமலும் பிறகு ஒலியோடும் காட்டினால் போதும். இசையும் குரலும் சேர்த்த கருத்து எது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு நூலைச் சான்றாகக் காட்டினால், அப்படி ஒரு நூல் இருக்கிறதா, சொன்ன பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகே எழுத வேண்டும். இல்லாத நூல்களையும் அது கூசாமல் சொல்லும்.

தேர்வு மாறாமல் இவை எதுவும் நிலைக்காது. 'இது சார்புடையதா?' என்று கேட்டால் 'ஆம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். 10 மதிப்பெண் வினா என்றால் முடிவுக்கு 2 போதும். எங்கெங்கே தேடினார், என்ன கிடைத்தது என்பதற்கு 4, எதற்கு நம்பலாம் எதற்கு நம்பக்கூடாது என்பதற்கு 4 தரலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் வெளியிடும் வரலாற்றுக் கட்டுரைகளில் பழைய படங்களுக்குக் கீழே எடுத்தவர் பெயர், ஆண்டு, படம் இருக்கும் காப்பகம் ஆகிய மூன்றையும் அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தை அப்படியே வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்