திறப்பு விழா நடத்த முடியாத வேலைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலப் பணிகளுக்கு மதிப்பெண் போட்டு வெளியிட்டிருந்தீர்கள். பாதசாரிகள் பாதுகாப்பில் ஒருவருக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண். ஒரு நடைமேம்பாலம், தெருவெங்கும் கண்காணிப்பு கேமரா, சாலைப் பாதுகாப்பு வாரப் பேரணி என்று காரணமும் சொல்லியிருந்தீர்கள். மூன்றுமே ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ளத் தோதான வேலைகள். நடந்து போகிறவரின் உயிரைக் காப்பாற்றும் வேலைகளுக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

நடைமேம்பாலம் யாருக்காகக் கட்டப்படுகிறது? வண்டி நிற்காமல் போக வேண்டும் என்பதற்காக முழங்கால் வலிக்காரர் இரண்டு மாடி உயரம் ஏறி இறங்க வேண்டும். பலர் ஏறுவதில்லை, கீழேயே தடுப்பைத் தாண்டுகிறார்கள். அடிபட்டால் ‘பாலம் இருக்க ஏன் குறுக்கே போனார்’ என்று பழியும் அவர் தலையில்தான். அதே இடத்தில் ஒரு சிக்னலும் ஜீப்ரா கோடும் போட்டிருந்தால் செலவும் குறைவு. ஆனால் ஜீப்ரா கோட்டில் பெயர் பொறித்துக் கல்வெட்டு வைக்க முடியாதே!

சிக்னல் இருந்தாலும் போதாது, நொடிகளைப் பார்க்க வேண்டும். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் போட்டுவரும் கணக்கு. 12 மீட்டர் சாலையைக் கடக்க 10 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ 15 நொடி வேண்டும். மீதி ஐந்து நொடி அவர் நடுச்சாலையில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே நிற்கிறார். பச்சை விளக்கை ஐந்து நொடி நீட்ட எவ்வளவு பணம் ஆகிவிடும்? வாகன ஓட்டிகளின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொள்ளும் மனசுதான் வேண்டும்.

இதைவிடக் கசப்பான வேலை ஒன்று உண்டு, தெருமுனையில் வண்டி நிறுத்துவதைத் தடுப்பது. முனையில் ஒரு வேன் நின்றால் அதன் பின்னால் இருக்கும் சிறுவனை ஓட்டுநர் பார்க்க முடியாது. சிறுவனும் எட்டிப் பார்க்கச் சாலைக்குள் ஓரடி வைத்தாக வேண்டும். அந்த ஓரடியில்தான் விபத்து. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கும் ஹோபோக்கன் நகரம், ‘நிறுத்தாதே’ என்று பலகை வைத்ததோடு விடாமல், தெருமுனைகளில் கம்பமும் பூந்தொட்டியும் சைக்கிள் நிறுத்தமும் வைத்து இடத்தையே அடைத்தது. கூடவே வேகத்தையும் குறைத்தது. 2017 தொடங்கி ஏழு ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. காய்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வருபவர், சுதாரிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த 13 மீட்டரைத் தாண்டும்போது பிரேக்கில் கால்கூட வைத்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் செய்தால் கடைக்காரர்கள் கொதிப்பார்கள், ஓட்டு போய்விடும் என்பது வழக்கமான சாக்கு. ஸ்பெயினின் பொன்டேவெத்ரா நகரில் மிகேல் அன்ஷோ ஃபெர்னாண்டஸ் லோரெஸ் 1999-இல் மேயரானார். வந்த சூட்டோடு பழைய நகரப் பகுதியை நடப்பவர்களுக்கு ஒதுக்கினார், 2010-இல் நகரில் வேக வரம்பை 30 ஆக்கினார். எதிர்ப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அவரேதான் மேயர், 2023 உட்பட. நார்வேயின் ஆஸ்லோவிலும் நகர மையத்தில் நூற்றுக்கணக்கான பார்க்கிங் இடங்களை எடுத்தார்கள். 2019-இல் அந்தத் தலைநகரம் முழுவதிலும் நடந்து சென்றவரோ சைக்கிளில் சென்றவரோ ஒருவரும் சாலை விபத்தில் சாகவில்லை.

கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும், அவ்வளவே. இரவுப் பணி முடிந்து நடந்து வரும் பெண்ணுக்கு முதலில் தேவை நடைபாதையில் விழும் வெளிச்சம். பல தெருக்களில் விளக்கு வண்டிச் சாலையைப் பார்த்து நிற்கிறது, நடைபாதை மரக்கிளையின் இருட்டில் கிடக்கிறது. கிளையை வெட்டிவிட ஓர் ஏணியும் ஒரு ஆளும் போதும். இதற்கும் திறப்பு விழா இல்லை.

எனவே அடுத்த முறை மதிப்பெண் போடுமுன் மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். பார்க்கிங்கை எடுக்கும் தீர்மானம் வந்த அன்று அவர் கை தூக்கினாரா, எதிர்த்தாரா, அல்லது நைசாக வெளிநடப்பு செய்தாரா? ஒருவர் அடிபட்டு இறந்த இடத்தில் மலர்வளையம் வைத்த பிறகு அந்த முனையில் என்ன மாற்றினார்கள், எத்தனை நாளில்? உங்கள் கட்டுரையில் முழு மதிப்பெண் வாங்கியவரைப் பற்றி இந்த விவரங்கள் எதுவும் இல்லை. வெளியிட்டால் மதிப்பெண்ணை நாங்களே போட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
நடந்தே போகும் ஒரு வாசகர்