குதிக்கத் தெரியாத ஓட்டக்காரன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் சிறுவர் இணைப்பில் வந்த பழைய வீடியோ கேம் கட்டுரை மாரியோவில் தொடங்கி மாரியோவிலேயே முடிந்துவிட்டது. 'லோட் ரன்னர்' பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏணியும் தளமுமாக வரும் புதிர் விளையாட்டுகளைப் பேசும்போது இதை விட்டால் பாதி வரலாறு போய்விடும்.

பெயரைப் பார்த்து லாரி லோடு என்று நினைக்க வேண்டாம். இந்த 'லோட்' பூமிக்குள் ஓடும் தாதுப் படிவு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த டக்ளஸ் ஸ்மித், ஆப்பிள் 2 கணினியில் இதை எழுதினார். முதலில் அனுப்பிய கறுப்பு வெள்ளை வடிவத்தைப் புரோடர்பண்ட் நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. நிறமும் ஜாய்ஸ்டிக்கும் சேர்த்து மறுபடி அனுப்பினார். அதே நிறுவனம் 1983இல் 150 கட்டங்களோடு (லெவல்) வெளியிட்டது.

துரத்துபவர்களிடம் சிக்காமல் கட்டத்தில் உள்ள தங்கம் முழுவதையும் எடுத்து, பிறகு தோன்றும் ஏணியில் ஏறித் தப்புவதுதான் ஆட்டம். ஆட்டக்காரன் ஓடுவான், ஏறுவான், கயிற்றில் தொங்கிப் போவான். குதிக்க மாட்டான். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது. தனக்கு நேர் கீழே தோண்ட முடியாது. நிற்கும் தளத்தில் இடப்பக்கமோ வலப்பக்கமோ காலுக்கு அடுத்துள்ள ஒரு செங்கல்லை மட்டும் தோண்டலாம். அந்தச் செங்கல்லுக்கு மேலே ஏணியோ இன்னொரு செங்கல்லோ இருந்தால் அதுவும் நடக்காது. தோண்டிய குழி சில நொடிகளில் தானாக மூடிக்கொள்ளும். இந்த விளையாட்டின் புதிர் முழுக்க இந்தச் சில விதிகளில்தான் இருக்கிறது.

மூன்று அடுக்குச் செங்கல்லுக்கு அடியில் தங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு செங்கல்லைத் தோண்டி இறங்கினால் இரு பக்கமும் சுவர். அடுத்த அடுக்கைத் தொடவே முடியாது, குழி மூடி நசுக்கிவிடும். ஆகவே மேல் அடுக்கில் 3, நடு அடுக்கில் 2, அடியில் 1 என்று மொத்தம் 6 செங்கல் தோண்ட வேண்டும். வரிசையும் முக்கியம். தொலைவில் இருப்பதை முதலில் தோண்டி, ஓர் அடி பின்வாங்கி அடுத்ததைத் தோண்ட வேண்டும். பக்கத்தில் இருப்பதை முதலில் தோண்டினால் அந்தக் குழியே வழியை மறித்துவிடும். முதலில் தோண்டியதுதான் முதலில் மூடும் என்பதால் நடுவில் தயங்கவும் கூடாது. பார்க்க ஓட்டம்போல இருந்தாலும் இது கணக்கு.

துரத்துபவர்களும் தங்கத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களைக் குழியில் விழவைத்தால் தங்கம் குழியின் வாயில் நிற்கும். அவர்கள் தலைமேல் நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் ஹட்சன் நிறுவனம் 1984 ஜூலையில் இதை நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்குக் கொண்டுவந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1985இல் ஃபேமிகாமில் வந்த பாம்பர்மேன் விளையாட்டுக் கதையின் முடிவில், ரோபோவான நாயகன் மனிதனாக மாறி லோட் ரன்னர் ஆகிறான். டெட்ரிஸ் தந்த அலெக்ஸி பஜித்னோவ், பல ஆண்டுகள் தனக்குப் பிடித்த புதிர் விளையாட்டு இதுதான் என்று சொல்லியிருக்கிறார்.

பின்னால் வந்த பாகங்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல. 50 கடினமான கட்டங்கள் கொண்ட 'சாம்பியன்ஷிப் லோட் ரன்னர்' விதிகளைத் தொடாமலே சவாலைக் கூட்டியது. முடித்தவர்களுக்கு நிறுவனம் சான்றிதழ் அனுப்பியது. 1994இல் வந்த 'தி லெஜண்ட் ரிட்டர்ன்ஸ்' வெடிகுண்டு, பொறி என்று கருவிகளைக் குவித்தது. பார்க்க அழகுதான், இருவர் சேர்ந்தும் ஆடலாம். ஆனால் கையில் குண்டு இருந்தால் 3, 2, 1 கணக்கை யார் போடுவார்கள்? 1998இல் வந்த இரண்டாம் பாகம் முப்பரிமாணத் தோற்றத்துக்கு மாறியதும், எந்தச் செங்கல் எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும் தெளிவும் போனது.

இந்தத் தொடரின் பெரிய கொடை, முதல் பாகத்திலேயே இருந்த கட்டம் வரையும் வசதி. திரை 28 பத்தி, 16 வரிசை. எண் விசைகளே போதும்: 0 வெற்றிடம், 1 செங்கல், 2 தோண்ட முடியாத கல், 3 ஏணி, 4 கயிறு, 5 பொய்ச் செங்கல் (மிதித்தால் கீழே விழவைப்பது), 6 தங்கம் முழுதும் எடுத்தபின் தோன்றும் ஏணி, 7 தங்கம், 8 துரத்துபவர், 9 ஆட்டக்காரன். கணினி இல்லாமல் கட்டம் போட்ட கணக்கு நோட்டிலேயே வரையலாம்.

தங்கள் சிறுவர் இணைப்பில் சுடோகுவுக்குப் பக்கத்தில் மாதம் ஒருமுறை இப்படி ஒரு கட்டம் வெளியிட வேண்டுகிறேன். தாளில் துரத்துபவர் நகர மாட்டார் என்பதால் 8ஐ விட்டுவிட்டு, எதை எந்த வரிசையில் தோண்டுவது என்று மட்டும் கேட்கலாம். பிள்ளைகள் வரைந்து அனுப்புவதை அச்சிடும் முன் இரண்டைச் சரிபார்த்தால் போதும்: ஏறிவர வழியில்லாத பள்ளத்தில் தங்கம் இருக்கக் கூடாது, கடைசித் தங்கத்தை எடுத்த இடத்திலிருந்து 6ஆம் எண் ஏணிக்குப் போக வழி இருக்க வேண்டும். முதல் இதழுக்கு 10 பத்தி, 8 வரிசை, ஒரே தங்கம், மேலே இரண்டு அடுக்குச் செங்கல் என்று தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி