இடம் வருகிறவர்கள்

சோலன், ஹிமாச்சலப் பிரதேசம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகம்,

முழங்கால் எப்படி இருக்கிறது? நான் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, பேரன் கேட்கிற கேள்விகள்தான் பழகவில்லை.

நீ கயிலாயம் போய் வந்த வருடம் என்னிடம் ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? டோல்மா கணவாய்க்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் எதிரே இறங்கி வந்ததாம். ஊரே வலம் வரும்போது இவர்கள் மட்டும் ஏன் எதிர்ப்பக்கமாக வருகிறார்கள், வழி தவறிவிட்டார்களோ என்றாய். எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். அவர்கள் திபெத்தின் பொன் மதத்தார். இடமாகச் சுற்றுவதுதான் அவர்கள் வழக்கம். சரியான வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பொன் என்றால் தங்கம் இல்லை, அந்த மதத்தின் பெயரே அதுதான். 'போன்' என்று நீட்டி எழுதுகிறவர்களும் உண்டு. தொலைபேசியைக் கும்பிடுகிறவர்கள் என்று நீ நினைத்துவிடக்கூடாதே என்று நான் குறிலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டோலாஞ்சி என்று ஒரு மலைக்கிராமம். அவர்களுடைய தலைமை மடமான மென்ரி இப்போது அங்கேதான் இருக்கிறது. மூல மடம் திபெத்தில் 1405இல் ஷெரப் கியால்ட்சென் என்ற பெரியவர் கட்டியது. 1959இல் சீனப் படை திபெத்தின் கிளர்ச்சியை அடக்கிய பிறகு தப்பி வந்தவர்களில் பலர் குலு, மணாலி பக்கம் சாலை போடும் கூலிகளாக இருந்தார்கள். அந்த வேலையிலேயே நிறையப் பேர் செத்தும் போனார்கள். மிஞ்சியவர்கள் 1967 வாக்கில் டோலாஞ்சியில் குடியேறி மடத்தைத் திரும்ப எழுப்பினார்கள். அப்புறம் தலைமைத் துறவியைத் தேர்ந்தெடுத்தது எப்படி என்கிறாய்? பெயர்களைச் சீட்டில் எழுதிப் பாத்திரத்தில் போட்டு, பூஜை செய்து, வந்து விழுந்த பெயரை ஏற்றுக்கொண்டார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போனாயே, அந்தக் குடவோலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பேரனோடு அந்த மடத்துக்கு உள்ளே போனதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். 'திபெத்தின் ஆதி மதம்', 'ஆவி வழிபாடு' என்றெல்லாம் படித்துவிட்டுப் போனவனுக்கு உடுக்கையும் சாமியாட்டமும் இருக்கும் என்று ஓர் எதிர்பார்ப்பு. இருந்ததோ மெரூன் உடையில் துறவிகள். ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, கையைத் தட்டித் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். பிறவிச் சுழல், கருணை, ஞானம் என்று பௌத்தத்தில் உள்ளதெல்லாம் இங்கேயும் உண்டு. படித்துத் தேறிய துறவிக்குத் தரும் கெஷே பட்டம்கூட உண்டு. வித்தியாசம் மெதுவாகத்தான் கண்ணில் பட்டது. சுவஸ்திகத்தின் கைகள் இடப்பக்கம் திரும்பியிருந்தன. அதை யுங்துருங் என்கிறார்கள், அழியாதது என்று பொருள். மந்திரமும் 'ஓம் மணி பத்மே ஹூம்' இல்லை, 'ஓம் மத்ரி முயே சலே து'. பேரன் பிரார்த்தனை உருளையை வலமாகச் சுற்றப் போனான். ஓர் இளம் துறவி சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டார்.

நம் மொழியில் கோயிலைச் சுற்றுவதற்கே 'வலம் வருதல்' என்றுதான் பெயர். அதனால் இடம் வருவது நமக்குத் தப்பாகவே படுகிறது. ஆனால் பிரதோஷத்தன்று சோமசூக்தப் பிரதட்சிணம் என்று நீயே பாதி தூரம் இடமாக நடக்கிறவன்தான்!

அவர்களுடைய குரு தொன்பா ஷென்ரப். புத்தர் போலவே அவரும் அரச குடும்பத்தில் பிறந்தவர், மனைவி மக்களோடு வாழ்ந்து முப்பத்தொரு வயதில் துறவு பூண்டவர் என்கிறார்கள். புத்தருக்குப் பல்லாயிரம் ஆண்டு முந்தியவர் என்பது அவர்கள் கணக்கு. குதிரைகளைத் திருடிப்போன ஓர் அசுரனைத் துரத்திக்கொண்டு அவர் திபெத்துக்கு வந்தாராம். உயிர்ப்பலிக்குப் பதில் மாவுருவம் செய்து படையுங்கள் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். இத்தனைக்கும் 'பலி கொடுக்கிறவர்கள்' என்று பௌத்தர்கள் ஏசியது இவர்களைத்தான்.

அப்படியென்றால் யார் மூத்தவர்? இங்கேதான் நான் முதலில் நினைத்திருந்தது மாறிவிட்டது. சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய ஏடுகளில் பொன், ஷென் என்ற பெயர்கள் வருகின்றன. ஆனால் அங்கே அவர்கள் அரசர்களுக்கு ஈமச்சடங்கு செய்யும் பூசாரிகள். எட்டாம் நூற்றாண்டில் திபெத் அரசர் திரிசோங் தெத்சென் பௌத்தத்தை அரச மதமாக்கியபோது அவர்கள் ஒடுக்கப்பட்டார்கள் என்று இருதரப்பு வரலாறும் சொல்கிறது. நான் பார்த்த மடமும் தர்க்கமும் உள்ள பொன்னோ பதினோராம் நூற்றாண்டில் உருவெடுத்தது. 1017இல் ஷென்சென் லுகா என்பவர், முன்பு புதைத்து வைக்கப்பட்டிருந்த சுவடிகளைக் கண்டெடுத்ததாகச் சொல்வார்கள். அதே காலத்தில் திபெத்திய பௌத்தத்தின் பழைய பிரிவான ஞிங்மாவைச் சேர்ந்தவர்களும் இதேபோல் புதையல் நூல்களைக் கண்டெடுத்துக்கொண்டிருந்தார்கள். 'பௌத்தத்தைப் பார்த்து எழுதிய பிரதி' என்று ஒரு தரப்பு, 'நாங்கள்தான் மூலம்' என்று இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை போட்ட இரண்டு பேர், எதிர்க்கடையைப் பார்த்துப் பார்த்தே தங்கள் கடையை அமைத்துக்கொண்ட மாதிரிதான் தெரிகிறது.

இன்னொன்று கேள். திபெத்திய பௌத்தத்தின் இன்னொரு பிரிவான சாக்கிய மரபின் பெரிய அறிஞர் ரோங்தோன் பிறந்தது கிழக்குத் திபெத்தின் கியாரோங் பகுதியில், ஒரு பொன் குடும்பத்தில். மென்ரியை நிறுவிய ஷெரப் கியால்ட்செனும் அதே கியாரோங்காரர்தான். அப்புறம் 1776இல் சீனாவை ஆண்ட மஞ்சூப் பேரரசர் கியாரோங்கைப் போரில் வென்றதும், அங்கே இருந்த பெரிய பொன் மடத்தை, தலாய் லாமாவின் பிரிவான கெலுக் பௌத்த மடமாக மாற்றிவிட்டார்கள். உறவும் இருந்தது, அடியும் இருந்தது.

உன் கயிலாயத்துக்கு வருகிறேன். மிலரேபா என்ற பௌத்த யோகிக்கும் நாரோ பொன்சுங் என்ற பொன் குருவுக்கும் இந்த மலை யாருடையது என்று போட்டி. ஒருவர் வலமாகச் சுற்ற, மற்றவர் இடமாகச் சுற்ற, வழியில் சந்தித்து 'என் பக்கம் வா' என்று கையைப் பிடித்து இழுத்தார்களாம்! கடைசியில் யார் முதலில் சிகரம் ஏறுவது என்று பந்தயம். பொன்சுங் விடியுமுன்னே மத்தளத்தின் மேல் ஏறிப் பறந்தார். மிலரேபா சூரியன் எழும்வரை பேசாமல் இருந்துவிட்டு, கதிரோடு போய் உச்சியில் நின்றார். கீழே விழுந்த மத்தளம் உருண்ட தடம்தான் தெற்கு முகத்தில் உள்ள அந்த நெட்டுக் கோடு. ஒரு பிடி பனியைப் பக்கத்து மலைமேல் எறிந்து, அதை வைத்துக்கொள் என்றாராம் மிலரேபா. இது ஜெயித்தவர்கள் சொல்லும் கதை என்பதை மறந்துவிடாதே. ஆனால் அதில்கூடப் பொன் மதத்தார் தங்கள் வழக்கப்படி சுற்றிக்கொள்ள அனுமதி இருக்கிறது.

1988இல் தலாய் லாமா டோலாஞ்சிக்கு வந்து பொன் துறவிகளின் தொப்பியைப் போட்டுக்கொண்டார். புலம்பெயர்ந்த திபெத்தியரின் நாடாளுமன்றத்தில் நான்கு பௌத்த மரபுகளுக்கும் இரண்டிரண்டு இடம், பொன்னுக்கும் இரண்டு. நாடு போன பிறகுதான் இந்தச் சமத்துவம் வந்தது என்பது எனக்கு உறுத்துகிறது.

சரி, ஒரு வேலை செய். உன் கயிலாய ஆல்பத்தில் தெற்கு முகம் தெரிகிற படம் ஒன்று உண்டு, நீ குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு நிற்பாய். அதை செல்லில் எடுத்து அனுப்பு. மத்தளத் தடத்தைக் காட்டு காட்டு என்று பேரன் மூன்று நாளாக என்னைப் பிடுங்கி எடுக்கிறான்.

உன்,
கோபால்