மழைக்கு முன் கான் வெட்டுங்கள்: நகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர், உறுப்பினர்கள், செயலாளர் ஆகியோருக்கு,

பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள ஒழுங்கையில் குடியிருக்கும் நாங்கள், தூர்ந்த வடிகானையும் உடைந்த நடைபாதையையும் பற்றிச் சென்ற ஒக்டோபரில் கையளித்த முறைப்பாட்டுக்கு எழுத்திலோ வாய்மொழியிலோ பதில் கிடைக்காததால், இதனைப் பகிரங்கமாக எழுதுகிறோம்.

தையல் கடைக்கு எதிரே நடைபாதையின் கொங்கிரீட் மூடி உடைந்து கிடக்கிறது. யாரோ அந்த ஓட்டைக்குள் ஒரு மரக்கொப்பை நட்டு, நுனியில் சிவப்பு சொப்பிங் பேக்கைக் கட்டிவிட்டார்கள். அந்தப் பை வெளுத்துப்போய் இப்போது இரண்டாவது பை பறக்கிறது. சபையின் எச்சரிக்கைப் பலகை என்று நாங்கள் அதைத்தான் சொல்லிக்கொள்கிறோம். மிகுதி நடைபாதையில் ஒவ்வொரு கடைக்காரரும் தம் வாசலை விரும்பிய உயரத்துக்குக் கட்டி வழுவழுப்பான டைல் பதித்திருப்பதால், தூறல் விழுந்தாலே முதியவர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் வீதியில் இறங்கி, முச்சக்கரவண்டிகளுக்கு இடையில் நடக்கிறார்கள்.

ஆயினும் நடைபாதையை மட்டும் திருத்தினால் போதாது, கோளாறு அதன் கீழே ஓடும் வடிகானில் இருக்கிறது. கானுக்குக் குறுக்கே போடப்பட்ட குடிநீர்க் குழாய்களில் பைகளும் ரெஜிபோமும் சிக்கிக்கொள்கின்றன. அவற்றின் பின்னால், மேலே வீடு கட்ட வெட்டிய மண் வந்து படிகிறது. பிரதான வீதிக்குக் கீழே செல்லும் மதகோ பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்கள் வந்து மண்ணை வாரிக் கான் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போக, அடுத்த மழை அதனைத் திரும்பவும் உள்ளே தள்ளிவிடுகிறது.

தேயிலை மலையில் கான் வெட்டியவர்களின் பிள்ளைகள் நாங்கள். தண்ணீர் பாயாமல் நடந்து செல்லும்படி மெல்லிய சரிவு வைத்து, இடையிடையே மண் தங்குவதற்குக் குழி விட்டு, மழைக்காலத்துக்கு முன்பே அந்தக் குழிகளைச் சுத்தம் செய்த எங்கள் பாட்டன்மாருக்குத் தெரிந்த வேலை, கொங்கிரீட்டுக்கு மாறியதும் மறந்துபோனது வியப்பாக இருக்கிறது.

இது வெறும் சேற்றுப் பிரச்சினை அல்ல. கானில் போக முடியாத நீர் சரிவுக்குள் இறங்கி, தாங்கு சுவரின் பின்னால் தேங்குகிறது; அந்தச் சுவரில் நீர் கசிந்து வெளியேற விட்ட துளைகளும் அடைபட்டுள்ளன. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது மலையகம் முழுவதும் நிலம் சரிந்ததையும் பார்த்த பிறகு, சுவரில் புதிதாக ஒரு வெடிப்பு தெரிந்தால் அந்த இரவு எங்களில் எவரும் உறங்குவதில்லை.

முறைப்பாட்டு மேசையில், பிரதான வீதியானது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, மேல்மலை தோட்டத்துக்குரியது, ஒழுங்கை மட்டுமே நகர சபையுடையது என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சோலைவரி செலுத்தும் குடியிருப்பாளர் மூன்று அலுவலகங்களுக்கு அலைவதைவிட, சபையே முறைப்பாட்டை ஏற்று, இலக்கமிட்டு, உரிய இடத்துக்கு எழுதி, அதன் பிரதியை எங்களுக்குத் தருவது இலகு. தோட்டப் பகுதிக்குச் செலவழிக்க முடியாது என்ற பழைய காரணமும், 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதோடு மேல்மலைப் பகுதிக்குரிய பிரதேச சபைக்கு இல்லாமல் போய்விட்டது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் முறைப்பாட்டுக்கு என்ன நேர்ந்தது என்று தனியாக விண்ணப்பித்துள்ளோம். 14 வேலை நாட்களுக்குள் அதற்கு முடிவு சொல்லப்பட வேண்டும்.

எங்கள் பக்கமும் பிழை இல்லாமல் இல்லை. சமையலறைக் குழாயைக் கானுக்குள் விட்டிருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அவர்களுடன் நாங்கள் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்துக்கும் ஆயத்தம். ஆனால் வீதிக்கு அடியிலுள்ள மதகை மண்வெட்டியால் திறக்க முடியாது.

எனவே, மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக, கீழே உள்ள மதகில் தொடங்கி மேல்நோக்கித் துப்புரவு செய்து, வாரிய மண்ணை அன்றே டிராக்டரில் ஏற்றி, குழாய்களைக் கானுக்கு மேலே உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். உடைந்த மூடியை மட்டும் இந்த வாரமே மாற்றுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்புவதாயின், மழை பெய்யும் ஒரு பிற்பகலில் அனுப்புங்கள். வெயில் நாளில் வருபவருக்கு எங்கள் ஒழுங்கை நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
மேல் ஒழுங்கைக் குடியிருப்பாளர்கள்