சிறைப்படங்களில் கண் கலங்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறைப்படங்களில் சனங்கள் அழுவது பெரும்பாலும் அடி உதைக் காட்சிகளுக்கு அல்ல. வன்முறை நீண்டால் மனம் மரத்துவிடும். கண் கலங்க வைப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ (1994) படத்தில் 40 வருடம் உள்ளே இருந்து விடுதலையான ரெட், கடையில் வேலை செய்யும்போது கழிப்பறைக்குப் போகவும் மேலாளரிடம் அனுமதி கேட்கிறார். கதவு திறந்தும் சிறை அவரை விடவில்லை என்பதை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடுகிறது.

மலையகத்தில் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். கண்டியின் பழைய போகம்பரைச் சிறை மதில் போல செட் தேவையில்லை. ஒரு லயத்துக் காம்பராவும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறை) கம்பிச் சன்னலும் போதும். தாய் மகனைப் பார்க்க வரும் காட்சியில் முதலில் சாவிச் சத்தம், பிறகு மௌனம். நடிகர் அழக்கூடாது, அழுகையை அடக்க வேண்டும். அந்த முகத்தை 10 விநாடியாவது வெட்டாமல் வையுங்கள். வயலினை முன்கூட்டியே தொடங்கினால் எல்லாம் கெட்டுப்போகும். அழச் சொல்லிக் கட்டளையிடுவதாகத் தோன்றி, பார்ப்பவர் விலகிவிடுவார். “நேரம் முடிந்தது” என்று காவலர் சொல்வது தாயின் பேச்சுக்கு நடுவில் வரட்டும். அவள் சொல்லாமல் விட்டதைப் பார்ப்பவரே மனதுக்குள் சொல்லி முடிப்பார்.

இப்படிக்கு,
வாசகர், ஹட்டன்